சாவியைக் கேட்ட மனைவி

கேள்வி: போன மாதம் கோபிசெட்டிபாளையத்தில் மாமனார் வீட்டில், மச்சினன் மகனுக்குக் காதுகுத்து. சகலையோடு உட்கார்ந்து கொஞ்சம் குடித்தேன். அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன். மனைவி, 14 வயது மகளோடு காரில் ஈரோடு திரும்பும்போது சித்தோடு பக்கத்தில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். கடைசியாகக் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியும் மெஷின் 36 காட்டியது. 30 வரை பரவாயில்லையாம், எனக்கு வெறும் ஆறுதான் கூட. நான் நிதானமாகத்தான் இருந்தேன். கிளம்பும்போது மனைவிகூட சாவியைக் கேட்டாள், அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அத்தனை பேர் பார்க்க அவள் ஓட்டினால் நன்றாக இருக்காது என்று நானே எடுத்தேன். வழக்கை எதிர்த்து நடத்தலாமா? நான் நிதானமாக இருந்ததாக மனைவியைச் சாட்சி சொல்ல வைத்தால் எடுபடுமா? லைசென்ஸ் போய்விடுமா?
பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: இந்தக் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. எண் மட்டும் மாறும். ஒருவருக்கு 33, இன்னொருவருக்கு 41. 'வெறும்' என்ற சொல் மட்டும் மாறுவதே இல்லை. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சாவிக்கு அப்புறம் வருகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்றுதான் கேட்கிறது. ஓட்டியவர் தள்ளாடினாரா, நேராக நின்றாரா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. 36 ஆனாலும் 136 ஆனாலும் அதே பிரிவுதான். முதல் தடவை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 36 என்பதைப் பார்த்து மாஜிஸ்திரேட் தண்டனையில் கொஞ்சம் இறங்கி வரலாம். குற்றமே இல்லை என்று சொல்லிவிட அது போதாது. ஸ்பாட் ஃபைன் கட்டி ரோட்டிலேயே முடித்துக்கொள்ளும் குற்றமும் இது இல்லை, கோர்ட்டில்தான் முடியும்.

எதிர்க்கவே முடியாதா என்றால், முடியும். அந்த மெஷினுக்குக் காலாகாலத்தில் அளவு சரிபார்ப்பு நடந்ததா, அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா, மெஷின் கொடுத்த சீட்டில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் கேட்கலாம். அதில் ஓட்டை இருந்தால் வழக்கு நிற்காமல் போகலாம். குடித்த கையோடு ஊதினாலும், மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு ஊதினாலும் வாயில் தங்கிய ஆல்கஹாலே எண்ணை ஏற்றிவிடும் என்பதும் உண்மை. ஆனால் அது கால் மணி நேரத்தில் போய்விடும். நீங்கள் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதகம் என்று நினைத்து எழுதியது தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். உடம்பு ஒரு மணி நேரத்தில், 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். கோபியிலிருந்து சித்தோடு வர முக்கால் மணி நேரம் என்று வைத்தால், மாமனார் வீட்டு வாசலில் நீங்கள் வண்டியைக் கிளப்பியபோது 45-க்கு மேலேயே இருந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தால் அன்று இரவே கேட்டிருக்க வேண்டும். இப்போது எந்த லேபில் கொடுத்தாலும் அது எதையும் காட்டாது.

சரி, சாவிக்கு வருவோம். இத்தனை வரி எழுதிவிட்டு, உங்கள் மனைவி சாவியைக் கேட்டதை ஒரு 'கூட' போட்டுப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த 36-ஐவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. லைசென்ஸ் உள்ள, ஒரு சொட்டும் குடிக்காத ஒருவர் பக்கத்தில் நின்று கையை நீட்டினார். சாவி உங்கள் கையில் இருந்தது. கொடுக்கவில்லை. வண்டி ஓட்ட வேறு ஆளே இல்லை, ராத்திரி நேரம், என்ன செய்வது என்று எழுதுகிறவர்களிடம்கூட எனக்குக் கோபம் வரும், ஆனால் கொஞ்சம் இரக்கமும் வரும். உங்களிடம் வரவில்லை.

அந்த மனைவியைத்தான் இப்போது சாட்சிக் கூண்டில் ஏற்றப் பார்க்கிறீர்கள். என்ன நடக்கும் தெரியுமா? "அவர் நிதானமாக இருந்தார்" என்பார். அது 185-க்குத் தேவையே இல்லை. அடுத்து அரசு வக்கீல் எழுந்து, "அம்மா, உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் ஓட்டுகிறேன் என்றீர்களா? எதற்காக?" என்று கேட்பார். அவர் உண்மை சொன்னால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது. பொய் சொன்னால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்ன குற்றம் அவர் தலையில். இந்த இரண்டில் எதை அவர் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. அதே சட்டத்தின் 188-வது பிரிவு, இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022-ல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கூட வருகிறவர்கள் மேலும் வழக்குப் பாயும் என்று அறிவித்தது. தடுக்கப் பார்த்தவரை, உங்கள் வறட்டுப் பிடிவாதம் அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

நன்றாக இருக்காது என்கிறீர்கள். யாருக்கு? மாமனாருக்கா? மகள் கார் ஓட்டிக்கொண்டு போனால் எந்தத் தகப்பன் முகம் சுளிப்பார்? சகலை ஏதாவது கிண்டல் செய்திருப்பார், அவ்வளவுதானே. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து, டார்ச் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து, மனைவியும் மகளும் காரிலிருந்து பார்க்கப் பார்க்க ஊதியிருக்கிறீர்கள். வீட்டு மாப்பிள்ளைக்கு மரியாதை வேண்டும் என்று நானும் நினைக்கிறவன்தான். ஆனால் விசேஷ வீட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளையைப் பத்திரமாக வீடு சேர்ப்பது ஆண்பிள்ளையின் கடமை என்றால், அன்று அதைச் செய்ய ஒரே வழி சாவியைக் கொடுப்பதாகத்தான் இருந்தது. உங்கள் மகளுக்கு இன்னும் 4 வருடத்தில் லைசென்ஸ் எடுக்கும் வயது வந்துவிடும். அம்மா கேட்டதையும் அப்பா கொடுக்காததையும் அவள் பார்த்திருக்கிறாள். நாளைக்கு அவள் புருஷன் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவள் வாயைத் திறப்பாளா?

லைசென்ஸ் விஷயம். போலீஸ் அதை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், நேரில் போய்ச் சொல்லலாம். குடித்து ஓட்டியவர்களுக்குக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்த 3 மாதத்தில் பக்கத்துத் தெருவுக்குக்கூட நீங்கள் ஓட்டக் கூடாது, அது தனிக் குற்றம். மனைவி ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் பயணமே கோபிக்காக இருக்கட்டும். இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். அன்று எதிலாவது மோதியிருந்தால் உங்கள் கார் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்திருக்கும். ஊதிய சீட்டோ ரத்தப் பரிசோதனையோ இல்லாவிட்டாலும், போதையில் ஓட்டியதை வேறு வழியில் கம்பெனி நிரூபிக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

என் யோசனை இதுதான். மெஷினின் சான்றிதழை வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் குறை இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டுங்கள். அது தண்டனையாகப் பதிவாகும், அடுத்த தடவை நீங்கள் பழைய குற்றவாளி என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மனைவியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். சம்மன் தேதியைத் தவற விடாதீர்கள், போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும். அன்றைக்குக் கோர்ட்டுக்குத் தனியாகப் போங்கள், பஸ்ஸில்.