சதுரங்கத்தில் கையில் யானை இருந்தும், எதிராளியின் சிப்பாயிடம் ஆட்டம் ஏன் டிரா ஆகிறது?

யாரும் யாரையும் வெல்ல முடியாத நிலைதான் டிரா. யானைக்கு 5 மதிப்பு, சிப்பாய்க்கு 1. அப்படியிருந்தும் வெல்ல முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம், யானை வைத்திருப்பவரின் ராஜா தூரத்தில் நிற்பதுதான்.

ஒரு நிலை பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). வெள்ளை ராஜா சி7, சிப்பாய் டி7. கறுப்பு யானை டி1, கறுப்பு ராஜா எச்4. கறுப்பின் முறை. விட்டால், அடுத்த நகர்வில் சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். யானை டி7-ஐ வெட்டினால் வெள்ளை ராஜா யானையை வெட்டிவிடும். மிஞ்சுவது இரண்டு ராஜாக்கள், டிரா. அதே கறுப்பு ராஜா இ6-இல் இருந்தால்? யானை வெட்டியதும் பின்னால் காவல் இருக்கிறது, வெள்ளை ராஜா அதைத் தொட முடியாது. கறுப்பு ஜெயிக்கும். மற்ற காய்கள் எல்லாம் அதே இடம்தான்! தண்டையார்பேட்டையில் பையன்களுக்குச் சொல்லித்தரும்போது இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் காட்டுவேன், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எண்ணூர்ப் பக்கம் கரைவலை இழுப்பது போலத்தான் இதுவும். இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். ஒரு முனையை யானை எவ்வளவு பலமாகப் பிடித்தாலும், மறுமுனையில் ராஜா இல்லாவிட்டால் மீன் போய்விடும்.

சேர்ந்து வரும் இரண்டு சிப்பாய்கள் 6-ஆம் குறுக்கு வரிசையை எட்டி, யானைப் பக்கத்து ராஜாவும் தூரத்தில் இருந்தால் யானை பெரும்பாலும் தோற்றே போகும்.

அப்புறம், டிரா நிலை என்றால் ஆட்டம் தானாக முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சரியாக ஆடினால்தான் டிரா. மேலே சொன்ன முதல் நிலையில் கறுப்பு ஆடுபவர் வெள்ளைச் சிப்பாயைக் கவனிக்காமல் ராஜாவை நகர்த்தினால்கூட, புது ராணியை வெட்ட யானை டி நெடுக்கு வரிசையிலேயே இருந்தாக வேண்டும்.