நாடாளுமன்றம் நினைத்தால் எந்த வரியை வேண்டுமானாலும் விதிக்க முடியுமா?

முடியாது. வரி ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வியைக் வாடிக்கையாளர்களிடமிருந்து அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் பட்ஜெட்டுக்கு மறுநாள், கோபத்தோடு கேட்பார்கள்.

முதலில் அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவைப் படியுங்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. ஒற்றை வாக்கியம்தான், ஆனால் ஓர் அமைச்சரோ அதிகாரியோ தம் விருப்பப்படி உங்கள் பையில் கை விட முடியாமல் தடுப்பது அதுதான். அடுத்து, அந்தச் சட்டத்தை யார் இயற்றலாம் என்பதை ஏழாவது அட்டவணை சொல்கிறது. வருமான வரி நாடாளுமன்றத்துக்கு உரியது, ஆனால் விவசாய வருமானத்தின் மீதான வரி மாநிலத்துக்கு. சுங்கம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது, நிலவரியும் மதுவின் மீதான கலால் வரியும் (உற்பத்தி மீதான வரி) மாநிலப் பட்டியலில். எந்தப் பட்டியலிலும் இல்லாத வரி என்றால் அதுவும் நாடாளுமன்றத்துக்கே போகும். 1994-இல் சேவை வரி வந்தது இந்த எஞ்சிய அதிகாரத்தை வைத்துத்தான். 2016-இல் 101-ஆவது திருத்தம் கொண்டுவந்த 246ஏ பிரிவு, ஜிஎஸ்டி விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம், மாநிலங்கள் இரண்டுக்கும் கொடுத்தது.

வரி மசோதா பண மசோதாவாக (வரி, அரசுச் செலவு போன்ற நிதி விஷயங்களை மட்டும் கொண்ட மசோதா) வந்தால் மாநிலங்களவை 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அது சொல்லும் திருத்தங்களை மக்களவை ஏற்காமலும் விடலாம்.

இவ்வளவு வேலி இருந்தும் ஓரிடத்தில் பெரிய திறப்பு இருக்கிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கும் செஸ், வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரியான சர்சார்ஜ் ஆகியவற்றில் வரும் பணத்தை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்று 270, 271 பிரிவுகள் சொல்கின்றன. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய கலால் 32 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் சிறப்புக் கூடுதல் கலால், சாலை செஸ், விவசாயக் கட்டமைப்பு செஸ் என்ற பெயர்களில் இருந்தது. மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு சொன்ன 41 சதவீதப் பங்கு அந்த 1 ரூபாய் 40 காசுக்கு மட்டும்தான். பம்பில் பணம் கொடுத்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அதுதான் என்னை வருத்துகிறது. வரி விதிக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தவர்கள், செஸ் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜ் இரண்டுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்து 270, 271 பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தொகுதி எம்.பி.யிடம் வரியைக் குறைக்கச் சொல்லும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.