ஊழிய அழைப்பு, பாஸ்டர் அதிகாரம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

20 வருஷமா பைபிள் ஸ்டடி எடுக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. என் பேச்சைக் கேட்டு யாரும் வேலைய மட்டும் ரிசைன் பண்ணிடாதீங்க.

கேள்வி: கன்வென்ஷன்ல முழுநேர ஊழியத்துக்குக் கை தூக்கிட்டேன். இது அழைப்புதானா பிரதர்?

பதில்: இருக்கலாம் தம்பி. அப்போஸ்தலர் 13-ல பவுலையும் பர்னபாவையும் ஆவியானவர் கூப்பிட்டப்ப கூட இருந்தவங்க உபவாசிச்சு, ஜெபம் பண்ணி, கை வச்சு அனுப்புனாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு வருஷம் அதே அந்தியோகியா சபையில போதிச்சவங்க, ஊருக்கே தெரியும். நீங்க மொதல்ல சண்டே ஸ்கூல்ல பத்துப் பிள்ளைங்கள உக்கார வச்சுப் பாருங்க. வேலைய விடாதீங்க, பவுலே கொரிந்துல கூடாரம் தச்சுதான் சாப்பிட்டார்.

கேள்வி: "என் கவரிங்க (பாஸ்டர் தர்ற ஆவிக்குரிய பாதுகாப்பாம்) விட்டுப் போனா சாபம்"னு பாஸ்டர் சொல்றார். என் கல்யாணத்தையும் அவர்தான் முடிவு பண்ணுவாராம்.

பதில்: எங்க ஊர்ல கவரிங்னா முலாம் பூசின நகை சிஸ்டர், இதுவும் அதே ரகம்தான். 1970கள்ல அமெரிக்காவுல ஃபோர்ட் லாடர்டேல்ல அஞ்சு போதகர்கள் சேந்து, ஒவ்வொரு விசுவாசிக்கும் மேல ஒரு மேய்ப்பன் இருக்கணும்னு கிளப்பி விட்டாங்க, போகப்போக வேலை, வீடு, கல்யாணம் எல்லாத்துக்கும் மேய்ப்பன்கிட்ட கேக்கணும்னு ஆகி குடும்பங்கள் நொந்துபோச்சு. அஞ்சு பேர்ல டெரக் பிரின்ஸ் 1983-ல விலகினார், பாப் மம்ஃபோர்ட் 1989-ல பகிரங்கமா மன்னிப்பே கேட்டார். ஆரம்பிச்சவரே தப்புன்னுட்டார், இங்க இன்னும் ஓடிட்டிருக்கு. 1 பேதுரு 5:3 வாசிங்க, மந்தைக்கு மாதிரியா இருக்கணும், ஆளக்கூடாது.

கேள்வி: அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதேன்னு வசனம் இருக்கே? தாவீது சவுலைத் தொட்டானா? ஜனங்களைக் கெடுக்காதீங்க.

பதில்: வாங்க அண்ணே, இதுக்குத்தான் காத்திருந்தேன். சங்கீதம் 105:15-ஐ தனியா புடுங்காம 12-லேர்ந்து வாசிங்க. எச்சரிக்கை ராஜாக்களுக்கு, காப்பாத்தப்பட்டவங்க ஊர் ஊரா அலைஞ்ச ஆபிரகாம் குடும்பம். தன்னைக் கொல்லத் துரத்துன சவுல் ராஜாவை தாவீது கொலை பண்ணல, சரி. ஆனா குகைய விட்டு வெளிய வந்து, சவுலோட ஆளுங்க முன்னாடியே, குகையில சவுலுக்குத் தெரியாம அறுத்த சால்வைத் துண்டைக் காட்டி நியாயம் கேட்டானே? அப்புறம் சவுல் "கவரிங்"குக்குத் திரும்பிப் போகவும் இல்ல.

கேள்வி (அதே அண்ணன்): எபிரெயர் 13:17, நடத்துறவங்களுக்குக் கீழ்ப்படியணும்!

பதில்: அதே வசனத்துல அவங்க கணக்கு ஒப்புவிக்கணும்னும் இருக்கு. அந்தியோகியாவுல பவுல் பேதுருவை எல்லார் முன்னாடியும் எதிர்த்தார், யாருக்கும் சாபம் வரல.

கேள்வி: ஊழியத்துக்காக ஐடி வேலைய விடலாமா?

பதில்: மேல பாருங்க.

கேள்வி: பேங்க் வேலைய?

பதில்: ஐயோ, மேல பாருங்க!

கேள்வி: சபைய ரெஜிஸ்டர் பண்றது எப்படி?

பதில்: வக்கீலைப் பாருங்க.

கேள்வி: சாது சுந்தர் சிங் யாருக்குக் கீழ இருந்தார்? நானும் தனியா போறேன், அப்போஸ்தலர்னு ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு.

பதில்: ஊர் ஊரா நடந்து பிரசங்கிச்ச அந்தக் கிறிஸ்தவ சாது லாகூர் இறையியல் கல்லூரியில 1909-ல சேந்தார், பாதியில வெளிய வந்தார், சபை கொடுத்த பிரசங்க லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். தனக்குன்னு ஒரு சபையும் வச்சுக்கல. ஃபிளெக்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?