காணிக்கையில் வாழும் ஊழியர் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் முழுநேரக் கிறிஸ்தவ ஊழியம் செய்கிறேன். எந்தச் சபையிலிருந்தும் சம்பளம் கிடையாது. முப்பது குடும்பங்கள் மாதம் 500 முதல் 3,000 ரூபாய் வரை ஜிபேயில் அனுப்பித் தாங்குகிறார்கள். கனடா குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவர் மாதம் 10,000 அனுப்புகிறார். எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 52,000 வருகிறது. "ஒருவர் தருவது 50,000-க்குள் இருந்தால் அது அன்பளிப்பு, வரி கிடையாது" என்கிறார் இன்னொரு ஊழியர். நான் ரிட்டர்ன் போட வேண்டுமா?

பதில்: போட வேண்டும். அநேகமாக வரி ஒரு ரூபாய்கூட வராது. எனக்குக் கவலை தருவது, கேள்வியில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன கனடா நண்பர்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 50,000 கணக்கு. அது ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு அல்ல. உறவினர் அல்லாத எல்லோரிடமிருந்தும் ஓர் ஆண்டில் வந்ததைக் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத்தொகைக்கும் வரி உண்டு. உங்கள் மாமனார் பணம் தந்தால் அது இதில் சேராது. அவர் சட்டப்படி உறவினர்.

இன்னொன்று, உங்களுக்கு வருவது அன்பளிப்பே அல்ல என்றுதான் நீதிமன்றங்கள் சொல்கின்றன. திருவனந்தபுரத்தில் வேதாந்தம் கற்பித்துவந்த ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கிருஷ்ண மேனனுக்கு, லெவி என்ற ஆங்கிலேயச் சீடர் பணம் கொடுத்துவந்தார். மேனன் கட்டணம் எதுவும் கேட்டதில்லை. ஆனாலும் கற்பிப்பது அவருடைய தொழில், அதன் காரணமாக வந்த பணம் வருமானம் என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நற்செய்திப் பணிக்காக அமெரிக்காவிலிருந்து நன்கொடை பெற்ற கேரளத்தின் ஜார்ஜ் தாமஸ் வழக்கிலும் 1985-ல் அதே முடிவுதான். என்னிடம் வரும் ஊழியர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: நாளைக்கே ஊழியத்தை விட்டுவிட்டு மளிகைக்கடை வைத்தால், அடுத்த மாதமும் இவர்கள் பணம் அனுப்புவார்களா? யாரும் "ஆமாம்" என்றதில்லை.

'ஊழியம் தொழிலா?' என்று மனம் வருந்தலாம். வறுமை விரதம் எடுத்த கத்தோலிக்கக் கன்னியர்களும் குருக்களும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாங்கும் சம்பளத்தை அப்படியே சபையிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் டிடிஎஸ் (சம்பளத்திலேயே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

தொழில் வருமானம் என்பதில் உங்களுக்குத்தான் லாபம். அன்பளிப்பு என்று காட்டினால் வந்தது முழுக்கக் கணக்கில் ஏறும். தொழில் என்றால் ஊழியச் செலவைக் கழிக்கலாம்: கிராமங்களுக்குப் போய்வர பைக் பெட்ரோல், கைப்பிரதி அச்சு, கூட்டத்துக்குப் பந்தல், மைக் செட். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உறவினர் வீட்டுக்குப் போன பெட்ரோல் இவை கழியாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையும் ஏற்க மாட்டார்கள். மைக் செட்காரருக்கு 12,000 என்றால் வங்கி வழியாகவே அனுப்புங்கள். டாக்டர், வக்கீல்களுக்கு இருக்கும் 'வரவில் பாதி லாபம்' என்ற சுலப வழி உங்களுக்குப் பொருந்தாது. ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, ஊர், செலவு என்று அன்றன்றைக்கே எழுதி, பில்லைப் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தமாக எழுதிய நோட்டு பார்த்தாலே தெரியும்.

2025-26-க்குக் கணக்குப் போடுவோம். வரவு 6,24,000, செலவு 1,40,000 என்று வைத்துக்கொண்டால் மீதி 4,84,000. புதிய வரித் திட்டத்தில் 4 லட்சம் வரை வரி இல்லை. மீதி 84,000-க்கு 5% வீதம் 4,200. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் அதுவும் 87ஏ பிரிவில் தள்ளுபடியாகிவிடும். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் கட்டாயம். படிவம் ஐடிஆர்-3. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான்.

தாங்குபவர்கள் 80ஜி ரசீது கேட்டால், தர முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்தச் சலுகை அனுமதி பெற்ற நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு மட்டும்.

இப்போது கனடா. வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து மதப் பணிக்குப் பணம் வாங்க, 2010-ன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தொகை சிறியது என்பது சாக்காகாது. தமிழராகவே இருக்கட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும் இருக்கட்டும், சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். மீறினால் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை.

பதிவுக்கு அமைப்பு மூன்றாண்டு இயங்கி 15 லட்சமாவது செலவிட்டிருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு அது எட்டாது. பதிவு பெற்ற மிஷன் ஒன்று வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அந்த மிஷனின் ஊழியராகச் சேர்ந்து சம்பளம் வாங்கலாம். அப்போது சம்பளக்காரர்களுக்கான 75,000 நிலைக்கழிவும் கிடைக்கும். எதுவானாலும், இன்றே நண்பரைக் கூப்பிட்டு அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். இதுவரை வந்ததை ரிட்டர்னில் மறைக்க வேண்டாம். அபராதம் கட்டிச் சமரசமாக முடிக்க அமைச்சகத்தில் வழி உண்டு. இந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள ஆடிட்டர் ஒருவரிடம், கனடாப் பணம் வந்த தேதிகளை பாஸ்புக்கில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள்.