நான்கு வருடம் நின்ற பாலியோ ஜிடிஎக்ஸ்: முதலில் எதைத் தொடுவது?

கேள்வி: தாய்மாமா ஓட்டிய 2002 மாடல் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ் என் கைக்கு வந்திருக்கிறது. ஓடியது 78,000 கிலோமீட்டர்தான், ஆனால் நான்கு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. வாரக்கடைசிகளில் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. முதலில் பெயின்ட் அடித்து அலாய் வீல் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கள் மெக்கானிக், "இந்த இன்ஜினுக்கு ஸ்பேர் கிடைக்காது, டீசல் இன்ஜின் மாற்றிவிடலாம்" என்கிறார். என்ன செய்யலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இன்ஜினை மாற்றாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் காரின் உயிரே அதுதான். 2001-ல் பாலியோ இங்கே வந்தபோது சான்ட்ரோ, ஜென் போன்ற சின்னக் கார்களில் இருந்தது 1000 சிசியைத் தொடாத இன்ஜின். சக்தி 60 குதிரைத்திறன் அளவில்தான். அந்தக் காலத்தில் 1596 சிசி, 16 வால்வு, 100 குதிரைத்திறன் இன்ஜினோடு ஒரு ஹேட்ச்பேக் ஷோரூமில் நின்றது. நகருக்குள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்பதால் பலர் வாங்கத் தயங்கினார்கள். வாங்கியவர்கள் இன்றுவரை அதைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் டீசல் இன்ஜினைப் போட்டால் மிஞ்சுவது கனமான ஒரு பழைய கார் மட்டும்தான். சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக்கூடாது. எரிபொருளே மாறுகிறது என்றால் ஆர்டிஓவில் கேள்வி வரும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் கேட்பார்கள்.

ஸ்பேர் கிடைப்பது சிரமம் என்பது உண்மைதான். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தியாகிவிட்டது, ஷோரூம் கவுன்டரில் போய்க் கேட்கிற காலம் முடிந்துவிட்டது. ஆனால் இதே 1.6 இன்ஜின் ஃபியட்டின் மற்ற கார்களான சியெனாவிலும், அட்வென்ச்சரிலும், பின்னால் வந்த பாலியோ ஸ்டைல் 1.6-லும் இருந்தது. அதனால் கடையில் "ஜிடிஎக்ஸ் பார்ட்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், இந்தப் பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள். உக்கடத்தில் ஒரு சுற்று, சென்னை வந்தால் புதுப்பேட்டையிலும் ஜிபி ரோட்டிலும் ஒரு சுற்று போய் வாருங்கள். ரப்பர், பேரிங், பெல்ட் மாதிரி தேய்கிற பொருளைப் புதிதாக மட்டுமே வாங்குங்கள். ஹெட்லைட், கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சுவிட்ச் மாதிரியானவற்றைப் பழையதாக வாங்கலாம். நல்ல நிலையில் கண்ணில் பட்டால் இப்போது தேவைப்படாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அது அங்கே இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு வேண்டுகோள்: புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்குங்கள். வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் அது அறுந்தாலோ, ஒரு பல் தாண்டினாலோ, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயதும் கணக்கு. நான்கு வருடம் ஒரே மடிப்பில் இறுகி நின்ற பெல்ட்டை நம்பக்கூடாது. என்னிடம் இருந்த முதல் பாலியோவில், "பெல்ட் பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று பட்டறையில் சொன்னதை நம்பி ஓட்டினேன். மூன்றாவது வாரம் பல்லடம் ரோட்டில் நின்றது. வால்வுகள் வளைந்து, ஹெட்டைக் கழற்றி, பெல்ட் செலவைப் போலப் பல மடங்கு போனது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். அடுத்தது டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே வாட்டர் பம்பையும் பார்த்து மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம். இந்த ஒரு வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். இரண்டு கேம்ஷாஃப்டையும் அசையாமல் பூட்டும் கருவி வைத்திருக்கும், ஃபியட் இன்ஜின் பிரித்துப் பழகிய கையிடம் கொடுங்கள். பழைய பெல்ட்டில் வைட்னர் குறி போட்டு மாற்றுகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பெல்ட் ஏறியதும், பிளக் இல்லாமலே கிராங்க் புல்லியை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் சுற்றினால் ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் சேர்க்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்.

பெட்ரோல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2002-ல் இந்த காரின் ரப்பர் ஹோஸ்களைச் செய்தவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. பழைய ரப்பர் உப்பிப்போகும், விரிசல் விடும், கசியும். ஃபியூயல் ஹோஸ், ஓ ரிங், ஃபில்டர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்‌ஷன் காருக்கானது என்று கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டி ஹோஸ் இதன் அழுத்தத்துக்கு நிற்காது. பானெட்டைத் திறக்கும்போது பெட்ரோல் வாசனை அடித்தால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை ஓட்ட வேண்டாம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் பாதி டாங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

அடுத்து நிற்கிற வேலை. ஓடுவதைவிட நிற்பது முக்கியம். பிரேக் ஃபுளூயிடை முழுக்க மாற்றுங்கள், ரப்பர் பிரேக் ஹோஸ்களையும். காலிப்பர், பின் வீல் சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருடம். "2216" என்றால் 2016-ன் 22-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரில் 100 குதிரைத்திறனை ஓட்டக்கூடாது. அப்புறம் சஸ்பென்ஷனிலும் இன்ஜினிலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், இன்ஜின் மவுன்ட். இவற்றை மாற்றினாலே கார் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும். பாலியோவின் ஸ்டீயரிங் கையில் பேசுகிற பேச்சு அப்போதுதான் கேட்கும்.

அலாய் வீலுக்கு அவசரமில்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதன் போல்ட் வட்டம் 4x98, அதாவது நான்கு போல்ட், 98 மில்லிமீட்டர் விட்டம். கடைகளில் அதிகம் இருப்பது 4x100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இழுத்துப் பூட்டித் தருவார்கள். போல்ட் கோணலாக உட்கார்ந்து ஓட்டத்தில் தளரும். வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் கடைசியில்தான். அதற்கு முன் பேட்டரி தட்டின் அடி, ஸ்டெப்னி குழி, கதவுகளின் கீழ் விளிம்பு, ஜாக் வைக்கும் இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே துரு. டிங்கரிங்கில் பட்டி பூசி மறைக்க விடாமல், வெட்டிப் புதுத் தகடு வெல்டு செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை லட்சத்தில் முழு பெயின்ட்டும் நல்ல மெக்கானிக்கல் வேலையும் சேர்ந்து முடியாது. 50,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பிரித்த பிறகுதான் தெரியும் என்கிற செலவு கட்டாயம் வரும்.

ஆர்சியை இன்றே எடுத்துப் பாருங்கள். 2002 பதிவு என்றால் 2017-ல் ஒரு தடவை புதுப்பித்திருப்பார், அது 2022-ல் முடிந்திருக்கும். மாமா பெயரில் இருக்கும்போதே புதுப்பிப்பதா, முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுவதா என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. காரை நேரில் காட்ட வேண்டும் என்பதால் பிரேக், லைட், புகை எல்லாம் சரியான பிறகு போங்கள்.

எல்லாம் முடிந்ததும் வாரத்துக்கு ஒரு தடவையாவது 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஆன் செய்து வைப்பதால் பயனில்லை. ஆயில் சூடாகாது, சைலன்ஸருக்குள் தண்ணீர் தேங்கும். டெம்பரேச்சர் முள் நடுவில் வந்து பத்து நிமிடம் ஆகும்வரை 3000 ஆர்பிஎம் தாண்டாதீர்கள். அதற்கப்புறம், ரோடு காலியாக இருக்கும் ஒரு ஞாயிறு காலையில் மூன்றாவது கியரில் அந்த இன்ஜின் மேலே ஏறும் சத்தத்தைக் கேளுங்கள். மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.