கொடை வரி நோட்டும் சென்சஸ் பாரமும்: அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: எம் மவன் மெட்ராஸ்ல மளிகைக் கடையில சேந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. ரேஷன் கார்டுல பேரு இங்கதான் இருக்கு, ஓட்டும் இங்கதான். சென்சஸ்காரங்க வந்தா அவனையும் சேத்துச் சொல்லலாமா அண்ணாச்சி?
– வாசகி, களக்காடு பக்கம்

வேண்டாம்க்கா. ரேஷன் கார்டு வேற, ஓட்டு லிஸ்ட் வேற, சென்சஸ் வேற. 2021-ல எடுக்க வேண்டியது கொரோனாவால தள்ளித் தள்ளிப் போயி 2027-க்கு வந்திருக்கு, மார்ச் 1-ந்தேதி கணக்கு. ஆள் எங்க வழக்கமா குடியிருக்கானோ அங்கதான் எழுதுவாவ. நீங்களும் சொல்லி அவனும் அங்க சொன்னா ஒரே ஆளு ரெண்டு தடவ வந்துருவான். 2011-ல பொறந்த ஊரு எது, கடைசியா எங்க இருந்தீய, ஏன் வந்தீயன்னும் கேட்டாவ, அதனால அவன் நம்ம பக்கத்து ஆளுங்கறது மொத்தமா அழிஞ்சிராது.

ஆனா ஊருல இன்னொரு சென்சஸ் இருக்குல்லா, கோயில் கொடைக்கு, அதான் திருவிழாவுக்கு, வீட்டுக்கு இம்புட்டுன்னு பிரிக்குத வரி நோட்டு! எங்கூருல அந்த நீட்டு நோட்ட நானே பொரட்டிப் பாத்திருக்கேன், பேருக்குப் பக்கத்துல பென்சில்ல 'பம்பாய்', 'மெட்ராஸ்', 'துபாய்'னு குறிச்சிருக்கும், ஆளு ஊரு வந்து பத்து வருசம் ஆயிருக்கும், ஆனா தலக்கட்டு தலக்கட்டுதான், வரிய போன்லயே அனுப்பிருவாவ. அந்த நோட்டுல உள்ள தலக்கட்டுல பாதி வீட்டுல ராத்திரி லைட்டு எரியாது. கவர்மெண்டு தூங்குத எடத்த எண்ணுது, ஊரு வரி குடுக்குத எடத்த எண்ணுது. உங்க மவன் ரெண்டுலயும் இருப்பான், கவலப்படாதீய.

கேள்வி: டவுனுக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் கொறஞ்சிருக்கா? எங்க சார் கொறஞ்சிட்டுங்காரு.
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

சார் சொன்னது சரிதான், ஆனா பாதி சரி. 2022-23 வீட்டுச் செலவு சர்வேல இந்தியா முழுக்கப் பாத்தா கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசம் 3,773 ரூவா, டவுனுல 6,459. நம்ம தமிழ்நாட்டுல 5,310-ம் 7,630-ம். நாட்டுல 71 சதவீதம் வித்தியாசம்னா நமக்கு 44 கிட்டதான். நல்ல விசயம்தான், ஆனா தம்பி, அது செலவுக் கணக்கு, வருமானக் கணக்கு இல்ல. நாங்குநேரி பக்கம் ஒரு வீட்டுல பிரிட்ஜ் இருக்கு, வாசிங் மெசின் இருக்கு, சர்வேக்காரர் அத கிராமத்துச் செலவுன்னுதான் எழுதுவாரு, அந்தத் துட்டு தாராவியிலயோ கோயம்பேட்டுலயோ ஒருத்தன் நின்ன கால் நோவ சம்பாதிச்சதா இருக்கும். குளம் பெருகாத வருசம் காட்டுல என்ன வருமானம்? உடமரம் வெட்டி கரி மூட்டம் போட்டா உண்டு.

இன்னொன்னு, டவுன்னா என்னன்னே நம்ம பக்கம் குழப்பம். 2011-ல தென்காசியும் சேந்திருந்த நெல்லை மாவட்டத்துல 49 சதவீதம் பேரு நகரத்துலன்னு கணக்கு. அம்புட்டு பேரும் நெல்லைச் சிட்டி வண்ணாரப்பேட்டையிலயா இருக்காவ? சேரன்மகாதேவி, வீரவநல்லூர், பத்தமடை எல்லாம் பேரூராட்சி, பேரூராட்சின்னா சென்சஸ்ல நகரம். வாசல்ல நெல்லு காயும், பேரு டவுன். அதுபோக பஞ்சாயத்தா இருந்தாலும் 5,000 பேரு இருந்து, வேலைக்குப் போற ஆம்பளைகள்ல முக்காவாசிப் பேரு விவசாயம் அல்லாத வேல பாத்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேரு இருந்துட்டா அதுவும் சென்சஸ் டவுன்தான். தமிழ்நாட்டுல இப்படி 2001-ல 111 இருந்தது 2011-ல 376 ஆயிட்டு. ஊரு டவுனுக்குப் போகல, டவுனுங்குற பேரு ஊரத் தேடி வந்துட்டு.

கேள்வி: பக்கத்து பஞ்சாயத்துல 100 நாள் வேல இருக்கு, எங்களுக்கு இல்லங்காவ. ஏன்?
– பீடி சுத்தும் வாசகி, முக்கூடல்

மேல சொன்ன பேரு பண்ணுத வேலதான் தாயி. 2005-ல போட்ட 100 நாள் வேலச் சட்டத்துலயே கிராமப்புறத்துக்குன்னுதான் இருந்துச்சு, நீங்க பேரூராட்சி. மடியில தட்ட வச்சி ஆயிரம் பீடிக்கு இம்புட்டுன்னு சுத்துத உங்க கைக்கும், ஓடைக்கு அந்தப்பக்கம் வரப்பு வெட்டுதவ கைக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு எனக்குத் தெரியல. பஞ்சாயத்த மாநகராட்சியோட சேக்கப் போறோம்னா சனங்க பஸ்ஸ மறிக்காவளே, சும்மாவா? வேல போவும், வரி ஏறும்.

கேள்வி: எல்லாரும் போயிட்டா நடவுக்கு யாரு?
– வாசகர், அம்பை

வடக்க இருந்து வந்துட்டாவ அண்ணாச்சி, நீங்க பாக்கலியா! போன பிசான நெல்லு நடவுக்கு எங்கூருல வங்காளத்துப் பையம்மாரு வந்து நட்டாவ. ஏக்கருக்கு இம்புட்டுன்னு பேசி, வரப்புல போன வச்சி பாட்டு ஓடும், மதியத்துக்குள்ள வயலு முடிஞ்சிரும். நம்ம பொம்பளைக குலவ போட்டு நட்ட அழகு இல்லதான், அதச் சொன்னா எங்க வீட்டுல 'குனிஞ்சி நட்ட இடுப்புகிட்ட கேளுங்க அழக'ங்கா. அவங்க தங்குனது பம்பாய்க்காரர் பூட்டிப் போட்ட வீடு, சென்சஸ்காரங்க ஆள எண்ண வார பிப்ரவரியிலயும் அங்கனயே இருந்தா அவங்க பேரு எங்கூரு கணக்குலதான் ஏறும். கொடைக்கு முந்தி தர்மகர்த்தா அந்த வீட்டுக்குப் போயி நின்னாரு, வரி கேக்கலாமா கூடாதான்னு அவருக்கே ரோசன. அவரு வாயத் தொறக்கும் முந்தி ஒருத்தன் இருநூறு ரூவாய எடுத்து நீட்டிட்டான். நோட்டுல எந்தப் பக்கம் எழுதன்னு இன்னும் பேசிக்கிட்டு இருக்காவ.