வாசகர் கேள்வி பதில்: அலாரம் இல்லை, லைனில் மட்டும் 'டிக்' சத்தம்

கேள்வி: அண்ணா, சுங்கை சிப்புட் பக்கம் ஃபைபர் நிலையங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஈப்போவில் கிளம்பி நான்கு நிலையம் சுற்றி ஈப்போவுக்கே திரும்பும் எஸ்டிஎச் ரிங் (எல்லா நிலையமும் ஒரே கிளாக்கில், அதாவது ஒரே நேரத் துடிப்பில், ஓடவேண்டிய ஃபைபர் வளையம்). மூன்று வாரத்துக்கு முன்பு வடிகால் தோண்டிய பேக்ஹோ, ஈப்போவுக்கும் முதல் நிலையத்துக்கும் நடுவில் கேபிளை அறுத்துவிட்டது. அன்றே ஒட்டிவிட்டோம். ஒளி அளவு சரி, அலாரமும் இல்லை. ஆனால் முதல் இரண்டு நிலையங்களில் பாயிண்டர் எண்ணிக்கை (கிளாக் விலகலை ஈடுகட்டச் சாதனம் செய்யும் திருத்தங்கள்) ஏறிக்கொண்டே போகிறது, ரீடைமிங் போட்ட, அதாவது நிலையத்தின் கிளாக்கிலேயே வெளியே போகும், செம்பனை ஆலை இ1 லைனில் (2 எம்பி தொலைபேசி லைன்) 'டிக் டிக்' சத்தம், ஃபேக்ஸும் போவதில்லை. கார்டை இரண்டு முறை மாற்றிப் பார்த்தாயிற்று.

பதில்: தம்பி, இனி கார்டைத் தொடவேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது டைமிங் லூப், அதாவது இரண்டு நிலையம் ஒன்றிடம் ஒன்று கிளாக் வாங்கிச் சுற்றுவது.

பெரட்டுக்கு ஆள் கூட்டும் இரண்டு தண்டல்கள் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மற்றவர் நேரம் வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒத்துப்போகும், இரண்டுமே தப்பாக ஓடும். இங்கேயும் அதுதான். கேபிள் அறுந்ததும் முதல் நிலையம் கிளாக்குக்காக இரண்டாவதன் பக்கம் திரும்பியிருக்கும், இரண்டாவதோ எப்போதும் முதலாவதிடம் கிளாக் வாங்குவது. லைன் உயிரோடு இருப்பதால் அலாரம் வராது. ஒட்டிய பிறகும் முதல் நிலையம் தானாக ஈப்போ பக்கம் திரும்பாதபடி செட்டிங் இருந்தால் லூப் அப்படியே நிற்கும்.

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நிலையமும் இப்போது எந்த போர்ட்டில் கிளாக் எடுக்கிறது என்று சிங்க் (கிளாக் நிலை காட்டும்) திரையைப் பார்த்து அம்புக்குறி போடுங்கள். எல்லா அம்பும் ஈப்போவில் போய்ச் சேரவேண்டும், இரண்டு அம்பு எதிரெதிரே நின்றால் கோளாறு அங்கேதான். அப்புறம் எஸ்1 பைட்டைப் பாருங்கள், கிளாக்கின் தரத்தை எண்ணாகச் சொல்வது அதுதான். ஈப்போவிலிருந்து வருவது 2, அதாவது தலைமைக் கிளாக், என்று இருக்கவேண்டும், கிளாக் வாங்கிய திசைக்குத் திருப்பி அனுப்புவது 15, அதாவது 'என்னிடம் வாங்காதே'. அந்த 15 வரவில்லை என்றால் எஸ்எஸ்எம் (இந்தத் தரச் செய்தியை அனுப்பும் வசதி) எங்கோ ஒரு நிலையத்தில் அணைந்திருக்கிறது, ஒன்றில் அணைந்தாலும் ஓட்டைதான். முதலில் எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிட்டு, இரவில், கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிவிட்டு முதல் நிலையத்தைக் கையால் ஈப்போ பக்கம் திருப்புங்கள். எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி 15 நிமிடக் கணக்கு இரண்டையாவது பாருங்கள்.

ஸ்லிப், அதாவது கிளாக் விலகலால் ஒரு ஃபிரேம் விழுவது அல்லது இரட்டிப்பது (உங்கள் 'டிக்' சத்தம் அதுதான்), எத்தனை விநாடிக்கு ஒன்று வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தரமான தலைமைக் கிளாக் இரண்டு தனித்தனியே ஓடினாலும் ஏறக்குறைய 70 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான். தன்னிச்சையாக ஓடும் நிலையக் கிளாக் தன் எல்லையான பத்து லட்சத்தில் 4.6 பங்கு விலகினால் 27 விநாடிக்கு ஒன்று.

ஒட்டு வேலை முடிந்ததும் ஒளி அளவை மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. சிங்க் நிலையும் அதே தாளில் வரட்டும்.

கேள்வி: பீடோர் பக்கத்து டவரில் பிடிபி (நெட்வொர்க் வழியாகத் துல்லிய நேரம் வாங்கும் முறை) லாக் ஆகியிருக்கிறது, ஆனாலும் கேபிள் ரிப்பேருக்குப் பிறகு நேரம் 400 நானோ விநாடி தள்ளி நிற்கிறது. ஏன்?

பதில்: போகும் இழையும் வரும் இழையும் இப்போது ஒரே நீளம் இல்லை. ஒரு மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி, வித்தியாசத்தில் பாதிதான் பிழையாகத் தெரியும், அப்படியென்றால் சுமார் 160 மீட்டர் கூடுதல். இரண்டு இழையையும் ஓடிடிஆரில் (ஒளி அனுப்பி இழை நீளம் அளக்கும் கருவி) அளந்து, சுற்றுப்பாதையில் போனதை மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த 400 நானோ விநாடியைச் சாதனத்தின் சமச்சீரின்மைத் திருத்தத்தில் (போகும், வரும் பாதை வித்தியாசத்தைச் சரிசெய்யும் செட்டிங்) போடுங்கள், கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் பிழை 800 ஆகிவிடும்.